பெட்டி வந்துவிட்டது, கரண்ட் எங்கே?

நெடுஞ்சாலைகளில் மின்வாகன விரைவு சார்ஜிங் நிலையங்களுக்கு நிதி ஒதுக்குவோர், டெண்டர் விடுவோர், மின்னிணைப்பு தருவோர், திறந்து வைப்போர் அனைவருக்கும்,

நான் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர். ரைஸ் மில், நூற்பாலை, கல்குவாரி, ஆஸ்பத்திரி என்று உயரழுத்த மின் வேலைகளையே செய்து வந்தவன். சில வருடங்களாகச் சார்ஜிங் நிலைய வேலைகளும் வருகின்றன. ஓசூரில் நுழைந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை என்று கன்னியாகுமரி வரை இறங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் என் பிழைப்பு நடக்கும் சாலை. அதிலும் அதன் கிளைச் சாலைகளிலும் அன்றாடம் நான் பார்ப்பது உங்கள் கண்ணில் படவில்லை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. பார்த்தும் கணக்கில் ஏற்றாமல் விடுகிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

புகாரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சார்ஜர் பெட்டியைக் கான்கிரீட் மேடையில் நிறுத்தி போல்ட்டை முறுக்கிய அன்றே ஒரு நிலையம் முடிந்துவிட்டதாக எழுதிக்கொள்கிறீர்கள். அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், பிரேக்கர், எர்த்திங், மீட்டர் ஒன்றுமே வராவிட்டாலும் அது முன்னேற்ற அறிக்கையில் ஏறிவிடுகிறது. அதனால் அவதிப்படுவது, பேட்டரி தீர்ந்து நள்ளிரவில் வந்து நிற்கும் டிரைவர், முன்வாசல் இடத்தை விட்டுக்கொடுத்த கடைக்காரர், பள்ளம் தோண்டிவிட்டுக் கூலிக்குக் காத்திருக்கும் ஆட்கள். உங்களில் ஒருவருக்கும் அதனால் ஒரு நாள்கூடத் தூக்கம் கெடுவதில்லை.

பெட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. படித்தவர்களும் பதவியில் இருப்பவர்களுமே "ஒரு சார்ஜர் வைக்க இத்தனை மாதமா?" என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

வீட்டு ஏசி ஒன்று ஓட ஏழெட்டு ஆம்பியர் போதும். 60 கிலோவாட் விரைவு சார்ஜர் இரண்டு ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினால், மூன்று ஃபேஸிலும் ஃபேஸுக்கு ஏறத்தாழ 180 ஆம்பியர் இழுக்கும். அதுவும் மோட்டார் கிளம்பும்போது வருவதுபோல ஒரு நொடி வந்து போகும் இழுப்பு இல்லை. அரை மணி, முக்கால் மணி நேரம் விடாமல் இழுக்கும். தெருவுக்கு விளக்கும் நாலு வீட்டுக்கு மிக்ஸியும் ஓட்டுவதற்காகப் போட்ட 63 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரில் இதைக் கொண்டுபோய்க் கட்ட முடியாது. கட்டினால் அந்தத் தெருவே இருண்டுபோகும். ஆகவே 11 அல்லது 22 கிலோவோல்ட் லைனிலிருந்து தனியாக இறக்க வேண்டும். லைன் ஓரத்தில் இரட்டைக் கம்பம், அதன்மேல் ஏபி சுவிட்ச், ஃபியூஸ், இடிதாங்கி. கம்பம் நட இடமில்லாத ஊருக்குள் என்றால் ரிங் மெயின் யூனிட். அங்கிருந்து உயரழுத்தக் கேபிள் தரைக்கடியில் மீட்டரிங் செட்டுக்கு வந்து, பிறகு டிரான்ஸ்ஃபார்மருக்குப் போக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் அதை 433 வோல்ட்டாக இறக்கும். அடுத்து பேனல் போர்டு: உள்ளே ஒரு பெரிய பிரேக்கர், சார்ஜருக்குச் சார்ஜர் தனி பிரேக்கர், மின்னல் வெட்டினால் வரும் திடீர் அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும் கருவி. இவ்வளவும் தாண்டிய பிறகு வருவதுதான் நீங்கள் படம் எடுத்துக்கொள்ளும் பெட்டி.

கேபிள் போடுவதையும் சும்மா மண்ணைத் தோண்டிப் புதைப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. பள்ளத்தின் ஆழம் சரியாக இருக்க வேண்டும். அடியில் மணல் மெத்தை, மேலே மணல், அதற்கு மேல் செங்கல் அல்லது ஸ்லாப், அதற்கும் மேலே எச்சரிக்கை டேப். வண்டி ஏறும் இடத்தில் குழாய்க்குள் விட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். கேபிளின் இரண்டு முனையிலும் டெர்மினேஷன் போடுகிற ஆள் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும். அவர் உரிக்கும் இடத்தில் கத்தி ஒரு மயிரிழை அதிகம் இறங்கினாலும் ஒரு மழைக்காலம் தாங்காது, வெடித்துவிடும். இந்த வேலை தெரிந்தவர்கள் ஜில்லாவுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களை இரவோடு இரவாக இழுத்துவந்து "நாளைக்கு விழா, முடித்துவிடு" என்று சொல்வது எவ்வளவு பெரிய அபாயம் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?

எர்த்திங் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் என் மனம் மிகவும் கொதிக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலுக்குத் தனியாக, அதன் உடம்புக்குத் தனியாக, இடிதாங்கிக்குத் தனியாக, சார்ஜருக்குத் தனியாக எர்த் பிட் போட வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இரண்டடி தோண்டினால் பாறை. கோடையில் அந்த மண்ணில் ஈரம் என்பதே இருக்காது. எர்த் மெகர் வைத்து எர்த்தின் மின்தடையை அளந்தால் ரீடிங் இறங்கவே இறங்காது. இன்னும் இரண்டு பிட் ஆழமாகப் போட்டு, எல்லாவற்றையும் பட்டையால் இணைத்தால்தான் சரியாகும். ஆனால் டெண்டரில் எர்த்திங்குக்கு எழுதியிருக்கும் தொகை, செம்மண் பூமியை மனதில் வைத்துப் போட்ட தொகை. கூடுதல் பிட்டுக்குப் பணம் கேட்டால், "எல்லா இடத்துக்கும் ஒரே ரேட்" என்று பதில் வருகிறது. பாறைக்கும் வண்டலுக்கும் எப்படி ஐயா ஒரே ரேட்?

கார் நிற்கும் இடத்தில் மழையில் நனைந்த ஒரு குழந்தை அந்தப் பெட்டியைத் தொடும். அதற்குப் பாதுகாப்பு, மண்ணுக்குள் போய்விட்ட, யார் கண்ணுக்கும் தெரியாத அந்தக் குழாயும் பட்டையும்தான். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் இதையெல்லாம் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. சாக்கெட் தரைமட்டத்திலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நிறுத்திய வண்டியின் இணைப்பு, சார்ஜிங் முனையிலிருந்து ஐந்து மீட்டருக்குள் வர வேண்டும். கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் கருவி 30 மில்லியாம்பியருக்கு மேற்படாத அளவில் இருக்க வேண்டும். விதி எழுதியவர்கள் உயிரின் மதிப்பு அறிந்து எழுதியிருக்கிறார்கள். விலைப்பட்டியல் போடுகிறவர்கள் அதைப் படித்திருக்க வேண்டாமா?

சார்ஜர் பெட்டிக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. சார்ஜிங் கன்னைக் காரில் செருகியதும் பெட்டியும் காரும் முதலில் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், பேட்டரியின் சூடு என்ன என்று கேட்டுக்கொள்ளும். இன்சுலேஷன் சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகே மின்சாரத்தை விடும். எர்த் சரியில்லை என்றால் பல பெட்டிகள் வேலையைத் தொடங்கவே மறுத்துவிடும். திரையில் ஏதோ ஒரு எண் காட்டும். அங்கே நிற்கிறவர் பெட்டி கெட்டுப்போனது என்று நினைத்துத் திட்டிவிட்டுப் போவார். கெட்டது பெட்டி இல்லை, மண்ணுக்குள் குறைத்துச் செய்த வேலை.

இனி, வேலை நடக்கும் வரிசையைப் பாருங்கள். முறைப்படி முதலில் எந்த ஃபீடரில் எவ்வளவு திறன் மிச்சமிருக்கிறது என்று கேட்டு, அதை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு இணைப்புக்கு விண்ணப்பம், எஸ்டிமேட், பணம் கட்டுவது, டிரான்ஸ்ஃபார்மர் ஆர்டர், கேபிள், ஆய்வு, மீட்டர். பெட்டி கடைசியில் வந்தால் போதும்; அதை நிறுத்திக் கட்ட இரண்டு மூன்று நாள் வேலைதான். நடப்பது நேர் தலைகீழ். பெட்டி முதலில் லாரியில் வந்து இறங்குகிறது. ஏனென்றால் சப்ளை ஆனதும் பெட்டிக்காரருக்குப் பில்லில் பெரும்பகுதி கிடைத்துவிடும். திட்ட அதிகாரிக்கும் செலவு காட்ட ஒரு ரசீது கிடைத்துவிடும். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் லாரிகள் வரிசை கட்டுகின்றன. அடுத்து மேடை, கூரை ஷீட்டு, தரையில் பச்சைப் பெயிண்ட், விளம்பரப் பலகை. இவ்வளவும் முடிந்த பிறகு ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "கரண்டுக்கு அப்ளை பண்ணணும், வாங்க" என்கிறார்.

இந்த நெடுஞ்சாலையில் ஒரு மோட்டல் வாசலில் நான் செய்துகொண்டிருக்கும் வேலையைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். பெட்டிகள் கத்திரி வெயிலுக்கு முன்பே வந்துவிட்டன. இணைப்புக்கு விண்ணப்பம் போட்டதே அதற்குப் பிறகுதான். அளந்து பார்த்தால் பக்கத்து லைன் சாலைக்கு எதிர்ப்புறத்தில் ஓடுகிறது. ஆறு வழிச் சாலையைத் தோண்ட விடமாட்டார்கள். அடியில் துளைபோட்டுக் குழாய் செலுத்த வேண்டும். அதற்கு அனுமதி தர வேண்டியது நெடுஞ்சாலைத் தரப்பு. அந்தக் காகிதம் போன இடத்திலேயே தங்கியது. அதற்குள் முதல் எஸ்டிமேட் மாறிவிட்டது. அந்த ஃபீடரில் ஏற்கெனவே சுமை நிறைந்துவிட்டதால் அடுத்த ஃபீடரிலிருந்து இழுக்க வேண்டும் என்றார்கள். தொகை கூடியது. கூடிய தொகைக்கு நிறுவனத்தின் தலைமை அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும்; அவர்கள் வேறு மாநிலத்தில் இருக்கிறார்கள். ஒப்புதல் வந்து, பணம் கட்டி, டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆர்டர் போட்டால், ஆலையில் வரிசை. டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகத்துக்கு வேண்டிய தனிவகை எஃகுத் தகடு நம் நாட்டில் போதுமான அளவு உற்பத்தியாவதில்லை, பெரும்பகுதி இறக்குமதி. உலகமெங்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆட்கள் காத்திருக்கும் காலம் இது. இதெல்லாம் தெரிந்த சங்கதி. தெரிந்தும் ஆர்டரை ஏன் கடைசியில் போடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

ஐப்பசி அடைமழையும் அந்தப் பெட்டிகளின்மேல் பெய்து முடிந்தது. ஓடாமல் நிற்கிற மின்கருவியைப்போல் சீக்கிரம் கெடுவது வேறொன்றில்லை. ஓடும் பெட்டிக்குள் விசிறி சுழலும், சூடு இருக்கும், ஈரம் தங்காது. ஓடாத பெட்டிக்குள் இரவுப் பனி நீராய்ப் படியும். பல்லி புகுந்து முட்டை வைக்கும், எறும்பு கூடு கட்டும், எலி வயரைக் கடிக்கும். நெடுஞ்சாலைப் புழுதி ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். வாரண்டி மட்டும் சப்ளை ஆன தேதியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு யூனிட்கூடக் கொடுக்காமல் அதன் வாரண்டிக் காலத்தில் கணிசமான பகுதி கரைந்துவிட்டது. கரண்ட் வந்த பிறகு மாட்யூல் போனால் யார் மாற்றித் தருவார்கள்? பெட்டிக்காரர் ஒப்பந்தத்தைக் காட்டுவார். நிறுவனம் என்னைக் காட்டும்.

அந்த மோட்டல்காரர் நல்ல மனிதர். லாரி நிறுத்தும் இடத்தில் பாதியை இதற்குக் கொடுத்தார். கார்க்காரர்கள் அரை மணி நேரம் உட்காரப்போகிறார்களே என்று நம்பிப் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டினார், ஒரு மேஜை நாற்காலி வரிசையைக் கூட்டினார். லாரிகள் இடமில்லாமல் அடுத்த கடைக்குப் போய்விட்டன, கார்கள் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்ததும், "அண்ணே, கரண்ட் எப்ப வரும்?" என்று கேட்கிறார். நான் அவருக்கு ஒரு தேதி சொல்ல வேண்டும். என்னிடம் தேதி இல்லை.

தோண்டியவர்களின் கதை இன்னும் மோசம். என் பில் மின்னிணைப்பு வந்த பிறகுதான் பாஸாகும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. பெட்டிக்காரருக்கு சப்ளையில் பணம், பலகைக்காரருக்குப் பலகை மாட்டியதும் பணம், வெயிலில் பாறை உடைத்தவருக்கு மட்டும் எல்லா அலுவலகமும் கையெழுத்துப் போட்ட பிறகு பணம். கையிலிருந்து கொடுத்துச் சமாளிக்கிற சிறு ஒப்பந்ததாரர்கள் ஒவ்வொருவராக இந்த வேலையை விட்டு விலகுகிறார்கள். கைதேர்ந்தவர் போன இடத்தில் யார் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மேலே நான் சொன்ன எர்த்திங், டெர்மினேஷன் எல்லாம் யார் கையில் போய் விழும் என்பதையும் யோசியுங்கள்.

நான் வேலை செய்யாத வேறொரு இடத்தில் நடந்ததை நேரில் பார்த்தேன். இணைப்பு வரவில்லை, ஆனால் விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. வாடகைக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர் கொண்டுவந்து கூரைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். ஒரு காரில் கன்னைச் செருகியதும் திரையில் எண் ஓடியது, கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். சாயங்காலம் ஜெனரேட்டர் திரும்பிப் போய்விட்டது. மறுநாள் முதல் அந்த இடம் மொபைல் வரைபடத்தில் சார்ஜிங் நிலையமாகக் காட்டத் தொடங்கியது. இதை ஏமாற்று என்றுதான் சொல்வேன். வரைபடத்தை நம்பி வருகிறவர்களில் கைக்குழந்தைக்காரர் இருப்பார், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் இருப்பார், வாடகைக் கார் ஓட்டி அன்றன்றைக்குப் பிழைப்பவர் இருப்பார். பெட்ரோல் வண்டி நின்றுபோனால் யாராவது ஒரு பாட்டிலில் வாங்கிவந்து ஊற்றிவிடலாம். மின்சாரத்தைப் பாட்டிலில் கொண்டுவர முடியாது, டோயிங் வண்டிதான். பத்து சதவீதத்துக்குக் கீழே சார்ஜ் இறங்கிய நிலையில் இரவு பதினொரு மணிக்கு அந்த மாதிரி ஒரு பெட்டிக்கு முன் வந்து நின்ற ஒரு வாடகைக் கார் டிரைவரை எனக்குத் தெரியும். சவாரியை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, மோட்டல் சமையலறையின் 15 ஆம்பியர் பிளக்கில் விடியும்வரை செருகி, அடுத்த ஊர் போகும் அளவுக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அன்றைய சம்பாத்தியம் போயிற்று.

விதி இல்லாமலா இது நடக்கிறது? விதிக்குக் குறைவே இல்லை. சார்ஜிங் நிலையம் நடத்த மின்விநியோக உரிமம் வேண்டியதில்லை, அது ஒரு சேவைதான் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018லேயே தெளிவுபடுத்திவிட்டது. 2024இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, புதிய இணைப்பைப் பெருநகரத்தில் மூன்று நாளில், நகராட்சிப் பகுதியில் ஏழு நாளில், கிராமப்புறத்தில் பதினைந்து நாளில் கொடுக்க வேண்டும். படிக்க நிறைவாக இருக்கிறது. ஆனால் அந்த நாள்கணக்கு, லைன் நீட்டவோ டிரான்ஸ்ஃபார்மர் வைக்கவோ தேவையில்லாத இடத்துக்குத்தான் பொருந்தும். நெடுஞ்சாலை ஓரத்தில் அப்படிப்பட்ட இடம் எங்கே இருக்கிறது? அதே 2024 செப்டம்பரில் வந்த மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிமுறைகள், நெடுஞ்சாலையில் இருபது கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்று இலக்கு வைக்கின்றன. தூரத்தை அளந்தீர்கள். அந்த இருபதாவது கிலோமீட்டரில் எந்தத் துணைமின்நிலையம் இருக்கிறது, அதில் எத்தனை எம்.வி.ஏ. மிச்சம் என்று அளந்தீர்களா?

நிதியும் வந்தது. 2023 மார்ச்சில் மத்திய அரசின் மின்வாகன ஊக்கத் திட்டமான ஃபேமின் இரண்டாம் கட்டத்தின் கீழ் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 விரைவு சார்ஜிங் நிலையங்கள் அமைக்க 800 கோடி ரூபாய் ஒப்புதல் ஆனது. அதில் 560 கோடி, அதாவது 70 சதவீதம், முதல் தவணை. 2024 மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும் என்றது திட்டம். 7,432 என்ற எண் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அவற்றில் எத்தனைக்கு இணைப்பு வந்தது, எத்தனை இன்று ஒரு காருக்குச் சார்ஜ் ஏற்றியது என்று ஊர் வாரியாகப் பார்க்க ஒரு பொதுமகனுக்கு வழி இருந்திருக்க வேண்டும். பணம் மக்களுடையது.

அடுத்து வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங்குக்கு மட்டும் 2,000 கோடி. 2025 செப்டம்பரில் வந்த அதன் நெறிமுறைகளைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே நம்பிக்கை பிறந்தது. டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், பேனல், பாதுகாப்புக் கருவிகள், சிவில் வேலை ஆகிய பின்னணிக் கட்டமைப்புக்குப் பெரும்பாலான இடங்களில் 80 சதவீதம் வரை மானியம். நெடுஞ்சாலை ஓரத்து வசதி மையங்கள், கடைத்தொகுதிகள் போன்ற இடங்களுக்குப் பெட்டிக்கு மானியம் கிடையாது, இந்தப் பின்னணிக்கு மட்டும்தான். அரசின் பணம் சரியான இடத்தை நோக்கிப் போகிறது. இதை எழுதிய அதிகாரி யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். ஆனால் முன்னேற்றத்தைப் பழைய கணக்கிலேயே எண்ணினால், டிரான்ஸ்ஃபார்மரும் பெட்டியைப்போலவே மேடையில் வந்து நின்றுவிடும். லைனோடு சேராமல் நிற்கும். பணம் திசை மாறினால் போதாது. எண்ணும் முறை மாற வேண்டும்.

இதோடு சென்னையை ஒப்பிட்டுப் பாருங்கள்: 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் கிளம்பின. அங்கே இந்தச் சிக்கல் எழ முடியாது. மின்சாரம் வராவிட்டால் மறுநாள் காலையில் பேருந்து வெளியே வராது, ஊரே கேட்கும். ஆகவே பணிமனையில் மின்சாரம்தான் முதல் வேலை. நெடுஞ்சாலையில் வந்து ஏமாந்து போகிறவர் தனி ஆள். அவர் அடுத்த ஊரில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்; உங்களைக் கேட்க யாரும் கூடுவதில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

இணைப்பு வந்துவிட்ட நிலையங்களைப் பற்றியும் சில வார்த்தை. மாதாந்தரப் பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் வரும் அறிவிப்பு, சார்ஜிங் செயலியில் வருவதில்லை. காலை ஒன்பது மணிக்கு லைனை நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் முப்பது கிலோமீட்டர் தாண்டி ஒருவர் இந்த நிலையத்தை நம்பி வந்துகொண்டிருப்பார். ஒரு ஃபேஸ் போனால் பெட்டி நின்றுவிடும். திரும்ப ஓடவிட ஆள் கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் சிம் கார்டுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் நாள்கணக்கில் மூடிக்கிடந்த நிலையத்தைப் பார்த்திருக்கிறேன். ஃபில்டரைத் துடைக்காமல் விட்டு, வெயிலில் சூடேறி, 60 கிலோவாட் பெட்டி பாதி வேகத்தில்கூடக் கொடுக்காமல் திணறுவதும் உண்டு. பிரிட்டனில் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொது சார்ஜர்களின் வலையமைப்பு 99 சதவீத நேரம் வேலை செய்தாக வேண்டும் என்று 2024 நவம்பர் முதல் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் பணம் வாங்கிக் கட்டும் நெடுஞ்சாலை நிலையங்களுக்கு, ஒவ்வொரு முனையும் வருடத்தில் 97 சதவீதத்துக்கு மேல் ஓட வேண்டும் என்று விதி. அவர்களுக்கும் தாமதங்கள் இருக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மருக்கு அவர்களும் காத்திருக்கிறார்கள். ஆனால் பெட்டி நிற்கிறதா என்று கேட்பதைத் தாண்டி, ஓடுகிறதா என்று கேட்கும் சட்டம் அங்கே இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்த நிலையமும் லைனோடு சேர்ந்து, மீட்டர் ஓடி, குறைந்தது ஒரு மாதம் மக்களுக்குச் சார்ஜ் கொடுத்த பிறகே முடிந்ததாக எண்ணப்பட வேண்டும். அதுவரை அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும்: விண்ணப்பம் போட்டாயிற்றா, எஸ்டிமேட் வந்ததா, பணம் கட்டியாயிற்றா, டிரான்ஸ்ஃபார்மர் ஆர்டர் எந்தத் தேதி, சாலை கடக்க அனுமதி யார் மேஜையில், மின் ஆய்வாளரின் சான்று எப்போது. மேஜையின் பெயர் தெரிந்தால் காகிதம் நகரும். என் அனுபவத்தில் அதைவிட வேகமான வழி வேறு இல்லை. இதற்குப் புதிதாக ஒரு துறையும் வேண்டாம். மாவட்டத்துக்கு ஒரு நாள் மின்வாரியமும் நெடுஞ்சாலைத் துறையும் மின் ஆய்வுத் துறையும் ஒரே அறையில் உட்கார்ந்தால், வருடக்கணக்கில் கிடக்கும் கோப்புகளில் பாதி அன்றைக்கே முடியும்.

பெட்டிக்கான பணத்தைப் பெட்டி கொடுத்த யூனிட்டுகளோடு கட்டுங்கள். சப்ளைக்கு ஒரு பங்கு போதும், மீதி ஓடத் தொடங்கிய பிறகு. வாரண்டியும் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து கணக்காகட்டும். டிரான்ஸ்ஃபார்மரை டெண்டர் முடிந்த வாரத்திலேயே மொத்தமாக ஆர்டர் செய்யுங்கள். 100, 250, 315 கே.வி.ஏ. எல்லாம் எங்கும் பயன்படும் அளவுகள். ஒரு இடம் தள்ளிப்போனால் இன்னொரு இடத்துக்கு ஆகும். எர்த்திங்குக்கு மண்ணைப் பார்த்து விலை போடுங்கள். பள்ளம் தோண்டியவருக்குப் பள்ளம் மூடிய அன்றே கூலி கிடைக்கும்படி ஒப்பந்தத்தை எழுதுங்கள். இணைப்பு இல்லாத இடத்தை வரைபடத்தில் காட்டுவது குற்றமாக அறிவிக்கப்பட வேண்டும். ஜெனரேட்டர் வைத்து விழா நடத்துவதை நிறுத்துங்கள், கூப்பிட்டால் போகாதீர்கள்.

இந்த வண்டிகளின் மேல் எனக்கு விரோதம் இல்லை. புகையில்லாத சாலையை நானும் விரும்புகிறேன். என் பேரப்பிள்ளைகள் நெடுஞ்சாலை ஊரில்தான் வளர்கிறார்கள். மின்வாகனம் வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கடிதத்தால் ஒரு வாய்ப்பும் கிடைத்துவிடக் கூடாது என்பது என் கவலை. ஆனால் கரண்ட் இல்லாத பெட்டி ஒவ்வொன்றும் அவர்களுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறது. ஒரு தடவை ஏமாந்த டிரைவர் பெட்ரோலுக்குத் திரும்பிப் போகிறார். பத்துப் பேரிடம் சொல்லிவிட்டும் போகிறார்.

என் வேலை நடக்கும் அந்த மோட்டலில் இப்போது டிரான்ஸ்ஃபார்மர் வந்து இறங்கிவிட்டது. எர்த் பிட்டுகள் அளந்து எழுதியாகிவிட்டது. கேபிள் நம் பக்கத்தில் முடிந்துவிட்டது. சாலைக்கு அடியில் குழாய் செலுத்தும் அனுமதி ஒன்றுதான் பாக்கி. அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் கையெழுத்தாகும் என்று எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மோட்டல்காரரிடம் அந்தத் தேதியை நான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
44ஆம் எண் நெடுஞ்சாலையோரம் வேலை பார்க்கும் ஒரு மின் ஒப்பந்ததாரர்